வருஷா வருஷம் ஏத்துறது வேற... வீட்டை மறுபடி மதிப்பு போடுறது வேற! வீட்டு வரியில் புதுவை மக்கள் கவனிக்க வேண்டியது என்ன?

புதுச்சேரி:-

முத்தியால்பேட்டையைத் தாண்டி வண்டியில் சில நிமிடம் போனால் கோட்டக்குப்பம். இந்தப் பக்கம் புதுச்சேரி நகராட்சி. அந்தப் பக்கம் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம். 2021-ல் பேரூராட்சியில் இருந்து நகராட்சியாக உயர்த்தப்பட்ட ஊர் அது. அண்ணன் வீடு இந்தப் பக்கம், தங்கச்சி வீடு அந்தப் பக்கம் என்று இருக்கிற குடும்பங்கள் இங்கே ஏராளம்.

2022 ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்க சொத்து வரி ஏறியது. கோட்டக்குப்பம் போன்ற நகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 சதுர அடி வரை 50 சதவீதம், 1,800 வரை 75 சதவீதம், அதற்கு மேல் 100 சதவீதம் உயர்வு. சென்னை மாநகராட்சியின் பழைய பகுதிகளில் இன்னும் அதிகம். 50 சதவீதத்தில் தொடங்கி 150 சதவீதம் வரை போனது. ஆயிரம் ரூபாய் கட்டிய பெரிய வீட்டுக்காரர் இரண்டாயிரத்து ஐந்நூறு கட்ட வேண்டியதாயிற்று.

"அப்பாடா, நாம இந்தப் பக்கம் இருக்கோம்" என்று புதுவைக்காரர்கள் நிம்மதியாக இருந்துவிட முடியுமா? முடியாது. காரணம் இருக்கிறது.

24 வருஷம் தூங்கிய வரி

சென்னையில் அதற்கு முன்பு சொத்து வரி பொது சீராய்வு நடந்தது 1998-ல். மற்ற நகராட்சிகள், மாநகராட்சிகளில் 2008-ல். அதாவது சென்னையில் 24 வருஷம், மற்ற ஊர்களில் 14 வருஷம் யாரும் கை வைக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1920-ம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே வரிப் புத்தகத்தை 5 வருஷத்துக்கு ஒரு முறை முழுசாகத் திருத்த வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்து சட்டம். எழுதியது எழுதியபடியே இருந்தது. நடந்தது வேறு.

ஏன் நடக்கவில்லை என்பது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. வரியை ஏற்றினால் ஓட்டு போகும். 2018 ஜூலையில் ஒரு முறை ஏற்றிப் பார்த்தார்கள். சொந்த வீட்டுக்கு 50 சதவீதம், வாடகை வீட்டுக்கும் கடைக்கும் 100 சதவீதம் வரை என்று உத்தரவு வந்தது. பிறகு வாடகை வீட்டுக்கும் 50 ஆகக் குறைத்தார்கள். 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய நேரத்தில், மொத்தமாக நிறுத்தி வைத்தார்கள். அதிகமாகக் கட்டியவர்களின் பணம் அடுத்தடுத்த வரியில் கழிக்கப்பட்டது.

அடுத்தது 2022. பிப்ரவரி 19-ந்தேதி நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் ஓட்டுப்பதிவு. மார்ச் மாத கடைசியில் வரி உயர்வு உத்தரவு. தேர்தலுக்கு முன்னால் நிறுத்தம், தேர்தல் முடிந்த கையோடு உயர்வு! ஆட்சி மாறியும் இந்தக் கணக்கு மாறவில்லை.

2022-ல் அரசு சொன்ன காரணம், மத்திய அரசின் 15-வது நிதிக்குழு. நகர உள்ளாட்சிகளுக்கு மானியம் வேண்டுமானால் மாநிலங்கள் குறைந்தபட்ச சொத்து வரி விகிதத்தை அறிவிக்கணும், மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வசூலும் உயரணும் என்பது அந்தக் குழு போட்ட நிபந்தனை. அதன் தொடர்ச்சியாகத்தான் தமிழ்நாட்டில் வருஷத்துக்கு 6 சதவீதம் அல்லது மாநில வளர்ச்சியின் 5 வருஷ சராசரி, இதில் எது அதிகமோ அது ஏறும் என்று விதி வந்தது. 2024 செப்டம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம் 6 சதவீத உயர்வுக்கு தீர்மானம் போட்டது.

6 சதவீதம் கேட்பதற்கு சின்னதாகத்தான் தெரியும். ஆனால் வட்டிக்கு வட்டி மாதிரி ஏறும் கணக்கு இது. ஆயிரம் ரூபாய் வரி 5 வருஷத்தில் 1,338 ஆகும். 12 வருஷத்தில் இரண்டு மடங்கு.

எல்லோருக்கும் ஒரே சதவீதம்... நியாயமா?

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். வரியை சதவீதக் கணக்கில் ஏற்றுவது வேறு. ஒவ்வொரு வீட்டுக்கும் இன்றைக்கு என்ன மதிப்பு என்று புதிதாகப் பார்ப்பது வேறு. முதலாவது மறுமதிப்பீடே இல்லை. பழைய கணக்கின் மேல் ஒரு பெருக்கல், அவ்வளவுதான். 2022-ல் தமிழ்நாட்டில் நடந்ததும் பழைய வரியின் மேல் போட்ட பெருக்கல்தான். சதுர அடி பார்த்தார்கள். அந்தத் தெரு இந்த 24 வருஷத்தில் என்ன ஆனது என்று வீடு வீடாகப் பார்க்கவில்லை.

ஒரு உதாரணம். நம்ம ஊரிலேயே இரண்டு வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று கடற்கரைப் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்த வீதியில். மற்றது முதலியார்பேட்டையில் மில் தொழிலாளி கட்டிய வீடு. 25 வருஷத்துக்கு முன்பு இரண்டுக்கும் வரி தலா ஆயிரம் ரூபாய்.

இப்போது என்ன நிலைமை? கடற்கரைப் பக்கம் வீடுகள் எல்லாம் கெஸ்ட் ஹவுஸ், காபி கடை, ஓட்டல் என்று மாறிவிட்டன. சனி, ஞாயிறு வந்தால் வெளியூர் கார்களுக்கு நிறுத்த இடம் இல்லை. அங்கே வாடகை 10 மடங்கு ஏறியது என்று வைப்போம். முதலியார்பேட்டையில் ஏ.எப்.டி. மில் 2020-ல் இழுத்து மூடப்பட்டது. அந்த மில்லை நம்பி இருந்த தெருக்களில் வாடகை 3 மடங்குதான் ஏறியது என்று வைப்போம்.

எல்லோருக்கும் 50 சதவீதம் என்று ஏற்றினால் இரண்டு வீடும் தலா 1,500 ரூபாய் கட்டும். நகராட்சிக்கு மொத்தம் 3 ஆயிரம்.

அதே 3 ஆயிரத்தை இன்றைய மதிப்பைப் பார்த்துப் பிரித்தால்? கடற்கரை வீடு சுமார் 2,308 ரூபாய். மில் தொழிலாளி வீடு 692 ரூபாய். அதாவது நகராட்சிக்கு ஒரு பைசா குறையவில்லை. ஆனால் மில் தொழிலாளியின் வரி பழைய ஆயிரத்தை விடவும் குறைந்துவிட்டது!

மறுமதிப்பீடு என்றாலே வரி உயர்வு என்று நினைத்து முதல் ஆளாகக் கொடி பிடிப்பது ஏழை வீட்டுக்காரர்தான். ஆனால் அது நடக்காமல் போனதால் லாபம் அடைந்தவர் அவர் இல்லை. மதிப்பு வேகமாக ஏறிய தெருவில் சொத்து வைத்திருப்பவர்தான். சத்தம் போடாமல் இருப்பவரும் அவரே.

மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் வந்தபோது ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் எல்லாம் தண்ணீரில் மிதந்தது. வருஷா வருஷம் தண்ணீர் புகும் வீட்டுக்கு யார் அதிக வாடகை கொடுப்பார்கள்? ஒழுங்காக மதிப்பு போட்டால் அதுவும் கணக்கில் வரும். சதவீதக் கணக்குக்கு அது எதுவும் தெரியாது.

பிரான்சிலேயே இந்தக் கூத்துதான்!

"பிரெஞ்சுக்காரன் காலத்துல எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு" என்று பெருமூச்சு விடும் பெரியவர்கள் புதுவையில் இன்னும் உண்டு. அந்த பிரான்சில் இப்போது என்ன நடக்கிறது தெரியுமா?

அங்கே குடியிருப்பு வீடுகளுக்கு வரி போட இன்றைக்கும் அடிப்படையாக இருப்பது 1970 ஜனவரி 1-ந்தேதி வாடகை நிலவரம். அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் குழாய்த் தண்ணீர், குளியலறை கிடையாது. அதனால் அந்த வசதி இருந்தால் வீட்டின் அளவில் சில சதுர மீட்டர் கூடுதலாகச் சேர்த்து கணக்குப் போடுவார்கள். அந்த முறை இன்னும் இருக்கிறது.

1990-ல் சட்டம் போட்டு நாடு முழுக்க வீடுகளை மறுபடி மதிப்பிட்டார்கள். வேலை முடிந்தது. கணக்கும் தயார். ஆனால் அமல்படுத்த எந்த அரசுக்கும் தைரியம் வரவில்லை. யாருக்கு எவ்வளவு ஏறும் என்று பார்த்ததும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். கடை, அலுவலகக் கட்டடங்களுக்கு மட்டும் 2017-ல் புது மதிப்பு வந்தது. வீடுகளுக்குத் தேதி தள்ளிக்கொண்டே போகிறது.

அதற்குப் பதிலாக விலைவாசியைப் பார்த்து வருஷா வருஷம் சதவீதக் கணக்கில் ஏற்றுகிறார்கள். 2023-ல் 7.1 சதவீதம், 2024-ல் 3.9, 2025-ல் 1.7. ஆக 1970-ல் வசதியான பகுதி என்று பெயர் வாங்கிய இடம், இன்று பாழாகிப் போனாலும் அதிக வரி கட்டுகிறது. அன்று தொழிலாளர் குடியிருப்பாக இருந்து இன்று பணக்காரர்கள் குடியேறிய இடம் குறைவாகக் கட்டுகிறது.

இங்கிலாந்து கதை இன்னும் வேடிக்கை. அங்கே கவுன்சில் வரிக்கு 1991 ஏப்ரல் மாத விலைதான் கணக்கு. போன மாதம் கட்டி முடித்த வீட்டுக்கும், "இது 1991-ல் இருந்திருந்தால் என்ன விலை போயிருக்கும்?" என்று கற்பனை செய்துதான் வரி போடுகிறார்கள்.

ஜெர்மனியில் மேற்குப் பகுதிக்கு 1964 மதிப்பு, கிழக்குப் பகுதிக்கு 1935 மதிப்பு என்று ஓடிக்கொண்டிருந்தது. 2018-ல் அந்த நாட்டு அரசியல் சட்டக் கோர்ட்டு, ஒரே மாதிரி வீட்டுக்கு வேறு வேறு வரி வருவது சமத்துவத்துக்கு விரோதம் என்று தடாலடியாகத் தீர்ப்பு சொன்னது. 2025 ஜனவரியில் புது முறை அமலுக்கு வந்தது. மறுமதிப்பீட்டைச் சாக்காக வைத்து மொத்த வசூலை ஏற்றிவிடாதீர்கள் என்று நகராட்சிகளிடம் அப்போது கேட்டுக்கொண்டார்கள். இது முக்கியமான விஷயம். யாரிடம் எவ்வளவு வாங்குவது என்பது ஒரு கேள்வி. மொத்தம் எவ்வளவு வாங்குவது என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் ஒரே நாளில் ஒன்றாகக் கலந்து போட்டால் மக்களுக்கு எது எதனால் ஏறியது என்றே புரியாது.

சிங்கப்பூரில் எப்படி?

நம்ம பக்கத்து ஆட்கள் நிறைய பேர் வேலை பார்க்கும் சிங்கப்பூரில் கதை வேறு. அங்கேயும் நம்ம பழைய முறைதான். இந்த வீட்டை வாடகைக்கு விட்டால் வருஷத்துக்கு என்ன கிடைக்கும் என்று பார்த்து மதிப்பு போடுகிறார்கள். ஆனால் வருஷா வருஷம் பார்க்கிறார்கள். வாடகை ஏறினால் மதிப்பு ஏறும், இறங்கினால் இறங்கும். அதனால் ஒரே நாளில் இரண்டரை மடங்கு என்ற அதிர்ச்சி வருவது இல்லை.

அதோடு ஒரு பாதுகாப்பும் வைத்திருக்கிறார்கள. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு ஆண்டு மதிப்பில் முதல் 8 ஆயிரம் வெள்ளிக்கு வரியே கிடையாது. 2025-ல் அதை 12 ஆயிரமாக உயர்த்தினார்கள். ஒரு அறை, இரண்டு அறை அரசு அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் சொத்து வரி கட்டுவது இல்லை.

இந்தப் பாதுகாப்பு ஏன் தேவை? வீட்டின் விலை ஏறும். வீட்டுக்காரரின் வருமானம் ஏறாது. மில் மூடிய பிறகு வாட்ச்மேன் வேலைக்குப் போகிறவர், பென்ஷனை நம்பி இருக்கும் விதவை, இவர்கள் குடியிருக்கும் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஷாப்பிங் கட்டடம் வந்தால் காகிதத்தில் அவர்களும் லட்சாதிபதிதான். விற்றால்தானே காசு? விற்றுவிட்டு எங்கே போவது? சின்ன வீட்டுக்குத் தள்ளுபடி இல்லாமல் மறுமதிப்பீடு மட்டும் செய்தால் இவர்கள் தலையில்தான் விழும்.

நம்ம நாட்டில் டெல்லியில் 2004-ல் முறையை மாற்றினார்கள். காலனிகளை 'ஏ' முதல் 'எச்' வரை 8 வகையாகப் பிரித்து, வகைக்கு இவ்வளவு, சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று ரேட் போட்டார்கள். யாரும் தன் வரியைத் தானே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வரி போட வரும் ஆளிடம் "கொஞ்சம் பார்த்துப் போடுங்க சார்" என்று நிற்கும் வேலை குறைந்தது.

அதற்கு முன்பு டெல்லியிலும் வாடகைக் கணக்குதான். அதிலும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி நியாயமான வாடகை எவ்வளவோ, அதற்கு மேல் மதிப்பு போட்டு வரி வாங்கக் கூடாது என்று 1979-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்த ஊர்களில் எல்லாம் பல வருஷம் மதிப்பு ஏறாமல் கிடந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி கேட்க கவுன்சிலர் எங்கே?

இப்போது புதுச்சேரிக்கு வருவோம். இங்கே நகராட்சிகளுக்கு 1973-ம் ஆண்டு நகராட்சிகள் சட்டம் இருக்கிறது. மாநிலங்களுக்கு நிதிக்குழு போடும் நிபந்தனை யூனியன் பிரதேசமான புதுச்சேரியை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. நிதிக்குழு வரம்பில் புதுச்சேரியைச் சேர்க்க வேண்டும் என்பது இங்கே பல கட்சிகளும் பல வருஷமாக வைத்து வரும் கோரிக்கை. அப்படிச் சேர்த்தால் மானியத்தோடு நிபந்தனையும் கூடவே வரும் என்பதை மறந்துவிடக் கூடாது.

பெரிய சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியில் 1880-லேயே இங்கே முனிசிபாலிட்டி வந்துவிட்டது. மேயர் தேர்தல் பார்த்த ஊர் இது. ஆனால் 1968-க்குப் பிறகு 38 வருஷம் உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. கோர்ட்டு படி ஏறி 2006-ல் நடந்தது. 2011-ல் அந்த கவுன்சில்களின் பதவிக்காலம் முடிந்தது. அதோடு சரி. 2021-ல் தேதி அறிவித்தார்கள். இட ஒதுக்கீடு பிரச்சினையில் ஐகோர்ட்டுக்குப் போய் அதுவும் நின்றது.

5 வருஷத்துக்கு ஒரு முறை தேர்தல் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. வரிப் புத்தகத்துக்கும் 5 வருஷம், கவுன்சிலுக்கும் 5 வருஷம். இரண்டும் காகிதத்தில் இருக்கிறது.

கடற்கரைச் சாலையில் மேரி கட்டடம் 2014 நவம்பர் 29-ந்தேதி மழையில் இடிந்து விழுந்தது. 1870-களின் கட்டடம். உலக வங்கிப் பணத்தில் பழைய அச்சு அசலாகத் திரும்பக் கட்டி, 2021 பிப்ரவரியில் பிரதமர் மோடி திறந்து வைத்தார். நகராட்சிக் கட்டடம் பளபள என்று வந்துவிட்டது. உள்ளே உட்கார கவுன்சில்தான் இல்லை.

இதற்கும் வீட்டு வரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நேரடி சம்பந்தம் உண்டு. கோட்டக்குப்பத்தில் வரி அநியாயமாக ஏறினால் வார்டு கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டலாம். அவர் மன்றத்தில் எழுந்து கேட்கலாம். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் கவுன்சிலர்கள் அடங்கிய வரி விதிப்பு மேல்முறையீட்டுக் குழுவே இருக்கிறது. கவுன்சில் இல்லாத ஊரில் மதிப்பு போடுவதும் அதிகாரி. ஆட்சேபனை கேட்பதும் அதிகாரி.

தமிழ்நாட்டிலேயே 2018 உயர்வு அவ்வளவு கொந்தளிப்பைக் கிளப்பியதற்கு இதுவும் ஒரு காரணம். 2016 அக்டோபரில் கவுன்சில்கள் முடிந்து, தனி அதிகாரிகள் ஆட்சியில் வந்த உயர்வு அது. யாரிடம் போய் முறையிடுவது என்று தெரியாமல் மக்கள் தவித்தார்கள்.

2011 மக்கள் தொகை கணக்குப்படி புதுச்சேரி நகராட்சியில் 2 லட்சத்து 44 ஆயிரம் பேர். உழவர்கரை நகராட்சியில் 3 லட்சம் பேர். ஒரு காலத்தில் தோப்பும் வயலுமாக இருந்த லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம், மூலகுளம் எல்லாம் இன்று நகரத்தை விட நெரிசல். ஊர் இடம் மாறிவிட்டது. மனை வாங்கிப் பத்திரம் பதியும்போது அரசு ஜி.எல்.ஆர். மதிப்பைப் பார்த்துத்தான் முத்திரைத் தீர்வை வாங்குகிறது. விற்கும்போது ஒரு மதிப்பு, குடியிருக்கும்போது வேறு மதிப்பு.

வாடகைக்கு இருப்பவர்கள் கவனத்துக்கு

சொந்த வீடு இல்லாதவர்கள் "நமக்கு என்ன?" என்று விட்டுவிட வேண்டாம். வரி ஏறினால் முதலில் வரும் வார்த்தை, "வரி ஏறிடுச்சுப்பா, அடுத்த மாசத்துல இருந்து வாடகை 500 கூடக் குடு" என்பதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று குடித்தனம் இருக்கும் வீட்டுக்கு வரி வருஷத்துக்கு 600 ரூபாய் ஏறியது என்று வைப்போம். ஒரு குடித்தனத்துக்கு 200 ரூபாய். மாசத்துக்கு 17 ரூபாய் கூட முழுசாக வரவில்லை. 17 எங்கே, 500 எங்கே? வீட்டுக்காரரிடம் பழைய ரசீதையும் புது ரசீதையும் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை.

சொந்த வீட்டுக்காரர்கள் பார்க்க வேண்டியது மூன்று. நகராட்சிக் கணக்கில் உங்கள் வீட்டின் சதுர அடி சரியாக இருக்கிறதா? குடியிருக்கும் வீட்டைக் கடை என்றோ, வாடகை வீடு என்றோ எழுதி வைத்திருக்கிறார்களா? உங்கள் வரி எந்த மதிப்பை வைத்து, எந்த வருஷ ரேட்டில் போடப்பட்டது?

கடைசிக் கேள்விக்கு கவுன்டரில் பதில் சொல்லவில்லை என்றால் 2005-ம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். 30 நாளைக்குள் பதில் தரணும். உங்கள் வீட்டோடு நிறுத்த வேண்டாம். அதே தெருவில் கெஸ்ட் ஹவுஸ் ஆகிப்போன வீடுகள் இன்னும் குடியிருப்புக் கணக்கில்தான் இருக்கிறதா என்பதையும் அதே மனுவில் சேர்த்துக் கேளுங்கள்.